வேடம் போட்டு வந்த குரு: ஜோசப் வாஸ்

1687ஆம் ஆண்டு தூத்துக்குடியிலிருந்து இலங்கைக்குக் கடல் கடந்த ஒருவர் கந்தல் உடையும் வெறுங்காலுமாகக் கூலியாள் வேடத்தில் இருந்தார். பெயர் ஜோசப் வாஸ். இலங்கைத் தமிழர் யோசேவ் வாஸ் என்பார்கள். கோவாவில் பிறந்த கத்தோலிக்க குரு. துணைக்கு வந்தவர் ஜான் என்ற பணியாள் ஒருவர்தான்.

வேடம் எதற்கு? அன்று இலங்கையின் கரையோரம் டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தது. 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் டச்சுக்காரர்கள் கத்தோலிக்க குருக்களை வெளியேற்றினார்கள். குரு ஒருவரை வீட்டில் மறைத்து வைத்தால் மரண தண்டனை என்று ஆணையும் போட்டார்கள்.

டச்சுக்காரர்களும் கிறிஸ்துவர்கள்தானே என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் புரட்டஸ்டன்ட் பிரிவினர். ஐரோப்பாவில் இரு பிரிவினருக்கும் நடந்த நீண்ட போர்களின் பகை கப்பலேறி ஆசியாவுக்கும் வந்தது. கத்தோலிக்கர் என்றாலே போர்த்துகீசியருக்கு ஆள் காட்டுபவர் என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. நமக்கு இது தூரத்துக் கதையும் அல்ல. 1641இல் மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்கள் அங்கும் கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்கினார்கள். கெடுபிடி தளர்ந்த பிறகு 1710இல் எழுந்ததுதான் இன்றும் மலாக்காவில் நிற்கும் புனித பீட்டர் தேவாலயம்.

வாஸ் பிறந்தது 1651 ஏப்ரல் 21, கோவாவின் பெனாவ்லிம் கிராமத்தில். கொங்கணி பேசும் பிராமண வழிக் கத்தோலிக்கக் குடும்பம். 1676இல் குருவானார். அந்தக் காலத்தில் ஐரோப்பியத் துறவு சபைகள் இந்தியர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால் கோவாவின் உள்ளூர் குருக்கள் தங்களுக்கென ஒரு சபையை அமைத்தார்கள். வாஸ் 1685இல் அதில் சேர்ந்து வழிநடத்தினார். வெள்ளைக்காரக் குரு இலங்கையில் கால் வைத்திருந்தால் அன்றே பிடிபட்டிருப்பார். ஐரோப்பிய சபைகளின் கதவை அடைத்த அதே தோல் நிறம்தான் வாஸுக்கு யாழ்ப்பாணத்தில் மறைவிடம் ஆனது. எனக்கு இந்த வாழ்க்கையில் மிகவும் பிடித்த இடம் இது.

யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தவருக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு. சாகும் நிலைக்குப் போய்த் தேறினார். அடுத்த சிக்கல், யார் கத்தோலிக்கர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாரும் வெளியே டச்சுக் கோயிலுக்குப் போய்வருகிறார்கள். வாஸ் கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையைக் கண்டு யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். சில்லாலை என்ற ஊர் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. பகலில் ஒளிந்திருந்து, இரவில் பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். தமிழும் கற்றுக்கொண்டார்.

1689 கிறிஸ்துமஸ் இரவு டச்சுப் படை பூசைக்குக் கூடியவர்களை வளைத்தது. பலர் கைதானார்கள், முக்கியமானவர்கள் கசையடி பட்டார்கள். வாஸ் மட்டும் தப்பிவிட்டார். அவரைக் காட்டிக்கொடுக்க யாரும் வாய் திறக்கவில்லை. வீரம் என்றால் நான் முதலில் இவர்களைத்தான் சொல்வேன். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவே இல்லாமல் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்து நம்பிக்கையைக் காத்தவர்களும் இந்தக் குடியானவர்கள்தான். கலும்பாங் பக்கம் பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டிக்கு இதில் ஆச்சரியமில்லை. அவர் சிறுமியாக இருந்தபோது சாமியார் எப்போதாவதுதான் தோட்டத்துக்கு வருவாராம். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் முன்னின்று ஜெபமாலை சொல்வாராம். வாஸும் ஊருக்கு ஊர் இப்படிப் பொறுப்பாளர்களை வைத்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்கு நடந்தார்.

1690இல் அவர் புத்தளம் போனார். அது கண்டி அரசரின் ஆட்சிப் பகுதி. 1692இல் கண்டிக்கே போனபோது, போர்த்துகீசிய ஒற்றர் என்று சொல்லிச் சிறையில் போட்டார்கள். அரசரிடம் அப்படிக் கோள் சொன்னவர் அரசவையில் இருந்த லனரோல் என்ற பிரெஞ்சுக்காரர். இவர் பிரான்சில் கத்தோலிக்கரால் ஒடுக்கப்பட்ட புரட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்தவர்! சிறையில் வாஸ் சிங்களம் படித்தார். முற்றத்தில் குடிசைக் கோயில் ஒன்றையும் கட்டிக்கொண்டார். காவல் மெல்லத் தளர்ந்தது.

பஞ்சத்தில் அவர் ஜெபித்து மழை பெய்தது என்று கத்தோலிக்கர் சொல்வார்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது நடந்தது இன்னும் உறுதியானது. சொந்தக்காரர்களே நோயாளிகளைக் காட்டில் விட்டு ஓடினார்கள். வாஸ் அவர்களுக்குக் கஞ்சி கொடுத்து, புண் கழுவி, இறந்தவர்களைப் புதைத்தார். எந்த மதம் என்று கேட்கவில்லை. பௌத்த அரசர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு நாடெங்கும் நடமாடும் சுதந்திரம் கொடுத்தார். கிறிஸ்துவ ஆட்சி துரத்திய கிறிஸ்துவ குருவைப் பௌத்த ஆட்சி காத்தது.

அப்போது இலங்கை கொச்சி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. கொச்சி ஆயர் வாஸைத் தம் பிரதிநிதியாக நியமித்தார். கோவாவிலிருந்து மேலும் குருக்கள் வந்தார்கள். 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிக் குவித்தார். தமிழ் படிக்கும் மாணவர்கள் தேடிப் பார்க்க வேண்டிய பெயர் அது.

வாஸ் 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் காலமானார். வயது 59. அதற்குப் பின் 1740களில் வேறோர் அரசர் குருக்களைக் கண்டியிலிருந்து வெளியேற்றினார். அரசர் மனம் வைத்துக் கொடுத்ததை இன்னோர் அரசர் மனம் மாறி எடுத்துக்கொள்ள முடிந்தது. நம் நாட்டுக் கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது விதியைப் படிக்கும்போது எனக்கு இந்த வித்தியாசம்தான் நினைவுக்கு வருகிறது. இலங்கைக் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை 1806இல் ஆங்கிலேய ஆளுநர் மெயிட்லண்ட் நீக்கினார். பிரிட்டனில் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்கார 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலி முகத்திடலில் போப் பிரான்சிஸ் வாஸைப் புனிதராக அறிவித்தார். அன்று மாலையே அவர் வடக்கே மடு மாதா கோயிலுக்குப் போனார். டச்சுக்காரர்களுக்கு அஞ்சி மாதா சிலையுடன் காட்டுக்குள் ஓடிய மக்கள் உண்டாக்கிய கோயில் அது.