டயாலிசிஸுக்கு நடுவே ஓர் ஆட்சி மாற்றம்: ஜெ.பி.யின் கடைசி நான்கு ஆண்டுகள்

1975 ஜூன் 26, அதிகாலை. டெல்லி காந்தி அமைதி அறக்கட்டளையில் தூங்கிக்கொண்டிருந்த 72 வயதுப் பெரியவரை எழுப்பிக் கைது செய்தது போலீஸ். அவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். எமர்ஜென்சி தொடங்கிய நேரம் அது. நவம்பர் 12-ல் பரோலில் விட்டபோது, அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன.

இத்தனைக்கும் காவலில் பெரும்பகுதியை அவர் கழித்தது சண்டிகரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குள்! அப்புறம் எப்படி? சிகிச்சையில் ஏதோ நடந்திருக்கிறது என்ற சந்தேகம் அப்போதே கிளம்பியது. ஜெ.பி.க்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவர் சர்க்கரை நோயாளி. 1974-ல்தான் வேலூர் சி.எம்.சி.யில் புராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்டார். சர்க்கரை, சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். புராஸ்டேட் வீங்கினால் சிறுநீர் தேங்கி, அந்த அழுத்தம் சிறுநீரகம் வரை போகும். இப்படிப்பட்டவருக்குச் சிறுநீரகப் பரிசோதனை அடிக்கடி நடந்திருக்க வேண்டும்.

ஏன்னா, சிறுநீரகம் சத்தமே போடாது. தினமும் சுமார் 180 லிட்டரை வடிகட்டி, அதில் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே அனுப்புகிற உறுப்பு. பாதி வேலை நின்றாலும் வலிக்காது. கால் வீக்கம், பசியின்மை, வாந்தி, மூச்சு வாங்குதல் எல்லாம் வரும்போது ரொம்ப லேட்டாகியிருக்கும்.

மும்பை ஜஸ்லோக் மருத்துவமனையில் ஜெ.பி.க்கு டயாலிசிஸ் தொடங்கியது. உடம்பிலிருந்து ரத்தத்தை எடுத்து, கழிவையும் அதிகப்படி நீரையும் நீக்கித் திரும்பச் செலுத்துகிற சிகிச்சை இது. பொதுவாக வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். சிறுநீரகத்தை இது குணமாக்காது, அதன் வேலையில் ஒரு பகுதியைச் செய்யும், அவ்வளவுதான். செலவோ பெரிசு. பிரதமர் நிவாரண நிதியிலிருந்து இந்திரா காந்தி அனுப்பிய 90,000 ரூபாயை ஜெ.பி. ஏற்கவில்லை. மக்கள் கொடுத்த பணம்தான் கைகொடுத்தது.

1977 ஜனவரியில் தேர்தல் அறிவிப்பு வந்தது. சிதறிக் கிடந்த எதிர்க்கட்சிகள் ஜனதாவாக ஒன்று சேர்ந்தன. டயாலிசிஸை விட முடியாத உடம்போடு பிரச்சாரத்துக்குக் கிளம்பினார் ஜெ.பி. மார்ச்சில் இந்திரா தோற்றார். ஜனதா எம்.பி.க்களுக்கு ராஜ்காட்டில் உறுதிமொழி செய்துவைத்தவர் ஜெ.பி. சிறுநீரகம் போனால் வாழ்க்கையே போச்சு என்று நினைக்கிறவர்கள் இந்த ஒன்றரை வருஷத்தைக் கொஞ்சம் படிக்கலாம்.

ஆனால், அந்த இயந்திரம் வரை போகாமல் தடுக்க இன்று வழி இருக்கிறது. சர்க்கரை, பி.பி., குடும்பத்தில் சிறுநீரக நோய், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் பார்த்துவிட வேண்டும். கிரியாட்டினின் மட்டும் பார்த்து நார்மல் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ஆரம்பத்தில் பல நேரம் ஆல்புமின்தான் காட்டிக்கொடுக்கும். அப்போதே பிடித்தால், மாத்திரையிலேயே பாதிப்பைப் பல வருஷம் தள்ளிப்போடலாம். தலைவலி, முதுகுவலி என்று டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

1979 மார்ச்சில் ஒரு விநோதம். ஜெ.பி. ஜஸ்லோக்கில் உயிரோடு இருக்கும்போதே, அவர் இறந்துவிட்டதாக நாடாளுமன்றத்தில் அறிவித்துவிட்டார் பிரதமர் மொரார்ஜி தேசாய். நாடே துக்கத்தில் மூழ்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது. அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு மேல் வாழ்ந்த ஜெ.பி., அக்டோபர் 8-ம் தேதி பாட்னாவில் காலமானார். 77-வது பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.