கேள்வி கேட்ட பெண்: எதெல் பேய்ன் (1911–1991)

இம்மலரின் பக்கங்களில் எமது கல்லூரி வளர்த்தெடுத்த பெண்கள் பலரைச் சந்திக்கிறோம். அவர்களோடு, எமது கல்லூரி வாசலைக் கண்டிராத ஒருவரையும் சேர்த்து நினைவுகூர விரும்பினோம். அமெரிக்காவின் தேசிய வானொலி, தொலைக்காட்சி வலையமைப்பொன்றில் கருத்துரையாளராக அமர்ந்த முதலாவது கறுப்பினப் பெண் என்று எதெல் பேய்னை உலகம் அறியும். அந்தப் பெருமையிலும் பார்க்க எம்மைக் கவர்ந்தது, அவர் ஒருமுறை எழுந்து நின்று கேட்ட ஒரு கேள்வியும் அதற்காக அவர் கொடுத்த விலையுமே.

எதெல் 1911 ஆகஸ்ட் 14ஆம் திகதி சிக்காகோ நகரில், ஆறு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தார். அவருடைய பேரன் பேத்தியர் அடிமைகளாக வாழ்ந்தவர்கள். தந்தையார் புகையிரதப் படுக்கை வண்டிகளில் பயணிகளுக்குப் பணிவிடை செய்த தொழிலாளி. எதெல் பள்ளி மாணவியாக இருந்தபோதே அவர் காலமாகிவிட, குடும்பச் சுமை தாயார் மீது விழுந்தது. மகளின் எழுத்தார்வத்தை அத்தாயார் அணையவிடவில்லை. உயர்நிலைப் பள்ளிக்குப் போவதற்கு எதெல் தம்மை வெறுத்த வெள்ளையர் குடியிருப்புகளினூடாக நடக்க வேண்டியிருந்தது. ஆயினும் படிப்பை விடவில்லை.

எளியவர்களுக்காக வாதாடும் சட்டத்தரணியாக வேண்டும் என்பதே அவரது கனவு. சட்டக் கல்விக்கான கதவு திறக்கவில்லை. நிறம் குறுக்கே நின்றது. நூலகத்தில் வேலை பார்த்தார். இரவு வகுப்புகளில் எழுத்துக் கலை பயின்றார். தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டொல்ஃபின் உரிமை இயக்கத்தில் சேர்ந்து உழைத்தார்.

1948இல் யப்பானில் நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படையினருக்கான பொழுதுபோக்கு மன்றமொன்றில் பணிபுரியச் சென்றார். அங்கே கறுப்பினச் சிப்பாய்கள் நடத்தப்பட்ட விதத்தையும், அவர்களுக்கும் யப்பானியப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகள் கைவிடப்பட்ட நிலையையும் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். கறுப்பின மக்களின் பத்திரிகையான சிக்காகோ டிஃபென்டரின் நிருபர் ஒருவர் அதைப் படித்துவிட்டு ஊருக்குக் கொண்டு சென்றார். அந்தக் குறிப்புகள் முதற்பக்கச் செய்தியாயின. 1951இல் அதே பத்திரிகையில் எதெல் முழுநேரப் பத்திரிகையாளரானார். அப்போது அவருக்கு வயது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தது. பிந்திவிட்டது என்று எண்ணித் தயங்கும் எவரும் இதை மனங்கொள்ளலாம்.

இரண்டே ஆண்டுகளில் பத்திரிகை அவரை வாஷிங்டனுக்கு அனுப்பியது. ஜனாதிபதியின் பத்திரிகையாளர் மாநாடுகளில் கறுப்பினத்தவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். கறுப்பினப் பெண்கள் அதனிலும் அரிது. 1954 மே மாதம் பாடசாலைகளில் இனப் பாகுபாடு செல்லாது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் மாநில எல்லைகளைக் கடந்து ஓடும் பஸ்களிலும் புகையிரதங்களிலும் கறுப்பினப் பயணிகள் இன்னமும் ஒதுக்கியே அமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் எதெல் எழுந்து, அந்தப் பாகுபாட்டை நீக்கும் கட்டளை எப்போது வரும் என ஜனாதிபதி ஐசனோவரிடம் கேட்டார். ஜனாதிபதி சினந்தார். தனிப்பட்ட ஒரு கூட்டத்தாரின் நலனுக்காகத் தாம் சிறப்பாக எதுவும் செய்யப்போவதில்லை என்ற கருத்தில் வெடுக்கென்று பதிலளித்தார்.

அந்தச் சினமே நாடெங்கும் செய்தியாயிற்று. அதன் பின் எதெல் கை உயர்த்தினாலும் ஜனாதிபதியின் பார்வை அவர் பக்கம் திரும்புவது அரிதாயிற்று. அவரது வருமானம் எங்கிருந்து வருகிறது என்று வெள்ளை மாளிகை அதிகாரிகள் துருவினர். நிருபருக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன? ஆனால் கேட்ட கேள்வி நின்றுவிட்டது. 1955 நவம்பரில் மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்தை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழு அப்பாகுபாட்டைத் தடைசெய்தது. தென் மாநிலங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. உயிரைப் பணயம் வைத்து 1961இல் பஸ்களில் ஏறிய இளைஞர்களின் போராட்டத்தின் பின்னரே அது நடைமுறைக்கு வந்தது. படுக்கை வண்டியில் பிறருக்குப் பணிவிடை செய்தவரின் மகள் கேட்ட கேள்விக்கு முழு விடை கிடைக்க ஏழு ஆண்டுகள் சென்றன.

1955 ஏப்ரலில் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் ஆசிய, ஆபிரிக்க நாடுகள் கூடின. மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் எமது இலங்கையும் ஒன்று. பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலை அங்கே இருந்தார். எதெலும் அங்கே இருந்தார். வெள்ளையரல்லாத மக்கள் தம் விடயங்களைத் தாமே பேசித் தீர்மானிக்க முயன்ற அம்மாநாட்டை அவர் தம் வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

அடுத்த ஆண்டு மொன்ட்கொமரி பஸ் பகிஷ்கரிப்பு, 1957இல் கானாவின் சுதந்திரம், லிட்டில் றொக் பாடசாலைப் போராட்டம் என அவரது பயணம் நீண்டது. மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் போதகரைத் தலைவராக இனங்கண்டு ஆரம்பத்திலேயே எழுதியவர்களுள் அவரும் ஒருவர். 1964இல் குடியியல் உரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்டபோது, அதற்குப் பயன்படுத்திய பேனாக்களில் ஒன்று எதெலின் கைக்கு வந்தது.

அவர் பிழையே செய்யாதவர் அல்லர். வியட்நாமில் போரிட்ட கறுப்பினப் படையினரைப் பற்றி எழுத அங்கு சென்றவர், அந்தப் போர் நியாயமானதுதானா என்பதை அப்போது போதிய அளவு வினவவில்லை. பிற்காலத்தில் அதற்காகத் தாமே வருந்தினார். பிறரைக் கேட்ட கேள்வியைத் தம்மிடமும் கேட்டுக்கொண்டவர் அவர்.

1972இல் சீபீஎஸ் நிறுவனம் தனது ஸ்பெக்ட்ரம் நிகழ்ச்சிக்கு அவரை அழைத்தது. பத்திரிகையில் கறுப்பின வாசகரோடு மட்டும் பேசி வந்த குரல், இப்போது எல்லா வீடுகளுக்குள்ளும் போயிற்று. ஆறு ஆண்டுகள் அந்நிகழ்ச்சியில் கருத்துரைத்தார். பத்திரிகையாளர் எப்பக்கமும் சாராதிருக்க வேண்டுமென்ற நியதி தமக்குப் பொருந்தாது என்று அவர் வெளிப்படையாகவே கூறிவந்தார். உரிமை மறுக்கப்பட்ட மக்களுள் ஒருவராகிய தாம், உண்மையை எழுதும்போதே அவர்களுக்காக வாதாடவும் வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. சட்டத்தரணியாக முடியாதவர் எழுதுகோலால் அத்தொழிலைச் செய்தார். முதுமையிலும் நெல்சன் மண்டேலாவின் விடுதலைக்காகக் குரல் கொடுத்தார்.

எதெல் திருமணம் செய்யவில்லை. 1991 மே 28ஆம் திகதி வாஷிங்டனில் தமது இல்லத்தில் காலமானார். 2002இல் அமெரிக்க அரசு அவரது உருவம் தாங்கிய முத்திரையை வெளியிட்டது. ஒருகாலத்தில் அவரைக் காணாததுபோல் நடந்துகொண்ட வெள்ளை மாளிகையில் பணிபுரியும் நிருபர்களின் சங்கம், 2022இல் அவர் பெயரையும் அவருக்கு முன்னோடியான அலிஸ் டனிகனின் பெயரையும் இணைத்து வாழ்நாள் சாதனை விருதொன்றை ஏற்படுத்தியது.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும், லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இம்மலரை விரிக்கும் சகோதரிகளே, எமது ஆசிரியைகள் எமக்குச் சரியான விடை எழுதக் கற்பித்தார்கள். அந்த நன்றி என்றும் உண்டு. எமது மகள்மாரும் பேத்திமாரும் சங்கடமான ஒரு கேள்வியைக் கேட்க எழும்போது, அவர்களை இருத்திவிடாமல் இருப்போம்.