கறிவேப்பிலையில் வாழும் பெயர்

தமிழர் சமையலில் நாள்தோறும் மணக்கும் கறிவேப்பிலைக்கு அறிவியல் உலகம் சூட்டிய பெயர் முர்ராயா கோனிகி. அப்பெயரின் பிற்பகுதி, தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, இம்மண்ணின் செடிகொடிகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்த யோகான் கெர்ஹார்டு கோனிக் என்பவரைக் குறிக்கிறது.

இன்றைய லாத்வியா நாட்டில் 1728ஆம் ஆண்டு பிறந்த கோனிக், உயிரினங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயசிடம் சுவீடனில் பயின்றார். பின்னர், டென்மார்க்கிலிருந்து ஐசுலாந்து சென்று அந்நாட்டுத் தாவரங்களைச் சேகரித்தார். ஐசுலாந்து, அட்லாண்டிக் பெருங்கடலில் எரிமலைகளால் உருவான தீவு. அத்தகைய தீவை உயிரினங்கள் கடல் கடந்தே அடைதல் வேண்டும். அடைந்தபின் கடுங்குளிரையும் தாங்குதல் வேண்டும். ஆதலால், அங்கு வாழும் பூச்சியினங்கள் மிகச் சிலவே. உடலெங்கும் அடர்ந்த மயிரால் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் பம்பிள் தேனீ அவற்றுள் ஒன்று.

1768இல் தரங்கம்பாடியை அடைந்த கோனிக்கின் முன், இதற்கு நேர்மாறான உலகம் விரிந்தது. வேலிதோறும், குளக்கரைதோறும் எண்ணற்ற உயிர்கள்! அவற்றுள் பலவற்றுக்குத் தமிழில் பெயருண்டு. லின்னேயசின் ஏடுகளிலோ இடமில்லை. கோனிக் அவற்றைத் திரட்டி, உலர்த்தி, குறிப்பெழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். லின்னேயசின் மற்றொரு மாணவரான ஃபாப்ரிசியஸ் தம் பூச்சியியல் நூல்களில் அவற்றை விளக்கிப் பெயரிட்டார். அந்நூல்களில் பல பூச்சிகளின் வாழிடமாகத் தரங்கம்பாடி குறிக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் கோனிக்கின் உழைப்பே.

1774இல் ஆற்காடு நவாபின் இயற்கையியலாளராகப் பணியேற்றபின், அவருடைய ஆய்வு கடற்கரையைக் கடந்து உள்நாட்டுக்குச் சென்றது. வேலூர், கணியம்பாடி, ஆம்பூர் வட்டாரங்களைச் சூழ்ந்த மலைகள் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகள். வேலூர், ஆம்பூர் மலைப் பயணம் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் அச்சேறின.

உலர்ந்த பூச்சியின் உடலைக் கொண்டு அதன் இனத்தை அறியலாம். வாழ்க்கையை அறிய இயலாது. இதனை உணர்ந்த கோனிக், தஞ்சைப் பகுதியின் கறையான்களை அவற்றின் புற்றிலேயே ஆராய்ந்தார். அக்கட்டுரை பெர்லின் இயற்கை ஆய்வாளர் கழகத்தின் வாயிலாக 1779இல் வெளிவந்தது. ஈசல்களைப் பிடிக்க மக்கள் கையாண்ட முறையையும் அவர் அதில் பதிவுசெய்தார். காற்று வரும் பக்கம் ஒரு துளையும் எதிர்ப்பக்கம் ஒரு துளையும் புற்றில் இடுவர். ஒருபுறம் புகைமூட்ட, மறுபுறம் வைத்த பானைக்குள் ஈசல்கள் வந்து விழும். அப்பானையின் உட்புறத்தில் அவர்கள் முன்னரே தேய்த்துவைத்தது கறிவேப்பிலை! பூச்சியைக் கூர்ந்து நோக்கிய கண்ணே, அதனை அறிந்திருந்த எளிய மக்களின் அறிவையும் மதித்துக் குறித்தது.

1778இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்த கோனிக் சயாம், மலாக்கா, இலங்கை ஆகிய இடங்களுக்கும் பயணம் செய்தார். இந்தியத் தாவரவியலின் முன்னோடியான வில்லியம் ராக்ஸ்பரோ அவருடைய நண்பர். ஓயாத அலைச்சலுக்கிடையே, திரட்டியவற்றை எல்லாம் நூலாக்கக் கோனிக்குக்குக் காலம் வாய்க்கவில்லை. 1785ஆம் ஆண்டு சூன் திங்களில், காக்கிநாடாவை அடுத்த சகந்நாதபுரத்தில் வயிற்றுக்கடுப்பு நோயால் அவர் உயிர்நீத்தார். தம் கையெழுத்துப்படிகளை இலண்டனிலிருந்த சோசப் பேங்க்சுக்கு அவர் உரிமையாக்கியிருந்தார். சயாம் பயணக் குறிப்பு ஆங்கிலத்தில் அச்சேற 1894ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

கோனிக் கண்டெடுத்த உயிர்கள் பலவற்றுக்குப் பெயரிட்டோர் பிறர். அவருக்குப் புற்றைக் காட்டியவர்களின் பெயரோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஒருவர் காட்ட, ஒருவர் காண, ஒருவர் பெயரிட வளர்வது அறிவியல். அந்தத் தொடரில் மறக்கப்பட்டோரையும் நினைத்தலே, கற்றோர் செலுத்தும் நன்றிக்கடன்.