விளக்கும் கணக்கும்

நம் சங்க மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு செயலாளர் கேட்டார். கவிஞர்களையும் அரசியல் தலைவர்களையும் பற்றி எழுத இங்கே இலக்கிய மாணவர் பலர் இருக்கின்றனர். நானோ செவிலியர் கல்லூரியில் எம்.எஸ்ஸி. பயில்பவள். என் படிப்போடு ஒட்டிய ஒருவரைப் பற்றி எழுதுவதே எனக்கு முறை.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் உங்கள் மனக்கண்முன் நிற்பது என்ன? இருண்டதொரு கூடம், இரு மருங்கும் படுத்துக் கிடக்கும் போர்வீரர், நடுவே கையில் விளக்கேந்தி வரும் நங்கை. பள்ளிப் பாடநூல் தந்த படம் அது. பொய்யன்று, ஆனால் பாதிதான். மீதிப் பாதியைச் சொல்ல எனக்கொரு காரணம் உண்டு. எங்கள் வகுப்பில் தலைமைப் பண்பு, நிர்வாக இயல் என்று ஒரு தாள் இருக்கிறது. டெய்லர், ஃபயோல், மாக்ஸ் வெபர் என்று பெயர்கள் வரிசையாக வரும். இரும்பாலையையும் சுரங்கத்தையும் கண்டவர்கள் வகுத்த விதிகளை, நோயாளியின் கட்டிலருகே நிற்பவள் ஏன் நெட்டுருப் போட வேண்டும் என்று தோழியர் சிலர் சலித்துக்கொள்வர். அச்சலிப்புக்கு விடை இவ்வம்மையாரின் வாழ்விலே கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் இத்தாலியில் உள்ள பிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். ஊரின் பெயரே பெயராயிற்று. தமக்கை நேப்பிள்ஸ் நகரில் பிறந்தவர். அந்நகரின் பழங்கிரேக்கப் பெயராகிய பார்த்தினோப்பி என்பது அவருக்கு வாய்த்தது. அந்த வகையில் தங்கை பிழைத்தார் எனலாம்! ஆங்கிலேயச் செல்வக் குடும்பம். தந்தையே வீட்டில் இலத்தீனும் கிரேக்கமும் வரலாறும் கற்பித்தார். கணக்கின்மீது மகளுக்குத் தனிக் காதல். பதினாறாம் வயதில், 1837இல், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைத்தான் என்று உணர்ந்தார். அத்தொண்டு மருத்துவமனையில்தான் என்று அவர் தெளிந்தபோது வீடு கலங்கிற்று. அந்நாளில் மருத்துவமனைத் தாதி என்றால் குடிகாரி என்று பெயர். பெரிய இடத்துப் பெண் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாளா? ஆண்டுகள் பல கழிந்தன. தேடி வந்த மணத்தையும் மறுத்தார். விடியுமுன் எழுந்து, மருத்துவமனை அறிக்கைகளைப் படித்து, எண்களைக் குறித்துவைத்துக்கொண்டே காத்திருந்தார். 1851இல்தான் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நிலையத்தில் மூன்று மாதப் பயிற்சி கிட்டியது.

1853இல் இலண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற மாதருக்கான சிறு விடுதி ஒன்றின் மேற்பார்வை அவர் கைக்கு வந்தது. அங்கே அவர் முதலில் கேட்டவை எவை தெரியுமா? மாடிதோறும் வெந்நீர் வரக் குழாய். உணவை மேலே ஏற்ற ஒரு தூக்கி. எந்த நோயாளி அழைக்கிறார் என்று காட்டும் மணி. செவிலி நோயாளியின் அருகே இருக்க வேண்டியவள். படிக்கட்டில் ஏறி இறங்கியே அவள் கால் ஓயக் கூடாது. எளிய எண்ணந்தான். நம் வார்டுகளில் மருந்துக்கும் துணிக்கும் காகிதத்துக்கும் ஓடி ஓடியே ஒரு நாள் கழிவதைக் கண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அடுத்த ஆண்டு கிரிமியப் போரில் பிரிட்டன் இறங்கிற்று. துருக்கியின் ஸ்குட்டாரி மருத்துவமனையின் சீர்கேட்டைப் பத்திரிகைகள் வெளியிட, அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் இவரை அனுப்பினார். 1854 நவம்பர் 4ஆம் நாள், 38 தாதியருடன் போய் இறங்கினார். இராணுவ மருத்துவர்கள் வரவேற்கவில்லை. அப்போது அவர் செய்ததுதான் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. அவர் வாதாடவில்லை, உத்தரவைக் காட்டி உள்ளே நுழையவும் இல்லை. மருத்துவர் அழைக்கும்வரை எவரும் நோயாளியைத் தொடக் கூடாது என்று தம் தாதியரைத் தடுத்து, கட்டுத்துணி தைக்க அமர்த்தினார். முணுமுணுத்தவர் உண்டு. சில நாளில் காயம்பட்டோர் கப்பல் கப்பலாக வந்து குவியவே, மருத்துவர்களே அவரை நாடினர். வேலை தெரிந்தவளைக் கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்வது எளிதா? பின்னால் கிடைத்த அதிகாரம் அந்தக் காத்திருப்பில் முளைத்தது என்றே நான் கருதுகிறேன்.

அங்கே பொருள் இல்லாமலில்லை, கிடங்கில் இருந்தது. வெளியே வர அதிகாரிகளின் ஒப்பம் வேண்டும்; ஒப்பமிடுவோர் கூட நாளாகும். நான் முன்பு வேலை பார்த்த மருத்துவமனை ஒன்றில் (பெயர் எதற்கு?) புதுக் கம்பளிகள் பீரோவில் அடுக்கி வைத்திருந்தன, சாவி வைத்திருந்தவர் விடுப்பில் ஊருக்குப் போய்விட்டார், வடநாட்டு மார்கழிக் குளிரில் நோயாளிகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையைப் போர்த்திக் கிடந்தனர். ஸ்குட்டாரி எனக்குத் தொலைதூர ஊராகத் தோன்றவில்லை. அம்மையார் என்ன செய்தார்? பொதுமக்கள் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு தாமே ஒரு கிடங்கு வைத்தார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொதிகலன் அமைத்து, வீரர்களின் மனைவியரைக் கொண்டு துணி வெளுத்தார். பத்தியச் சமையலுக்குத் தனி அடுப்பு மூட்டினார். விளக்கோடு இரவில் நடந்ததும் உண்மை. ஆனால் பகலெல்லாம் அவர் கையில் இருந்தது கணக்குப் புத்தகம்.

இனிச் சொல்லப்போவது கசப்பானது. அவர் போனபின்னும் சாவு குறையவில்லை, குளிர்காலத்தில் ஏறிற்று. 1855 பிப்ரவரியில் அங்கே மருத்துவம் பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் மாண்டனர். கட்டடத்தின் அடியில் சாக்கடை தேங்கிக் கிடந்தது. மார்ச்சில் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்து சாக்கடையைத் துப்புரவு செய்தது. காற்றோட்டத்துக்கு வழி செய்தது. ஜூனில் சாவு நூற்றுக்கு இரண்டளவில் நின்றது. நாடு திரும்பிய அம்மையாரை மக்கள் தெய்வமாகப் போற்றினர். அவரோ, புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாருடன் அமர்ந்து சாவுக் கணக்கைப் புரட்டினார். வீரரைக் கொன்றது பகைவர் குண்டைக் காட்டிலும் தடுத்திருக்கக்கூடிய நோயே என்று கண்டார். அதை எவரும் மறுக்க முடியாதபடி, ஒரு வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களாகப் பகுத்து, நோய்ச்சாவுக்கு நீல நிறம் தீட்டி, 1858இல் படமாக வெளியிட்டார். தாம் பணியாற்றிய மருத்துவமனையின் சாவுகளையும் ஒளிக்காமல் வெளியே வைத்தார். புகழின் உச்சியில் இருப்பவர் செய்யக்கூடிய காரியமா இது? அவ்வாண்டே இலண்டன் புள்ளியியல் கழகம் தன் முதல் பெண் உறுப்பினராக அவரைத் தேர்ந்தது.

1859இல் வந்த அவருடைய செவிலியக் குறிப்புகள் என்னும் நூலில் சிறு நிர்வாகம் பற்றி ஓர் இயல் உண்டு. நீ இருக்கும்போது நடப்பது, நீ இல்லாதபோதும் நடக்க வழி செய். எல்லாவற்றையும் தானே ஓடிச் செய்பவள் பொறுப்பாளி ஆகமாட்டாள் என்பது அதன் சாரம். ஃபயோலின் நூல் வெளிவந்தது 1916இல்! அடுத்த ஆண்டு, 1860இல், மக்கள் அளித்த நிதியால் புனித தாமசு மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. அங்கே தாதியர் மேட்ரனுக்கே கட்டுப்பட்டவர்; மேட்ரனும் ஒரு பெண்ணே. அங்கே பயின்றவர்கள் சிட்னி வரை சென்று மருத்துவமனைகளின் தலைமையை ஏற்றனர்.

1857 முதல் அவர் பெரும்பாலும் படுக்கையில் இருந்தார். அறையை விட்டு வெளிவராமலே, கடிதங்களாலும் அறிக்கைகளாலும் அமைச்சர்களை ஆட்டிவைத்தார். பிறரை வாட்டவும் செய்தார். நோயுற்றிருந்த ஹெர்பர்ட்டை ஓய விடாமல் வேலை வாங்கினார். அவர் 1861இல் மறைந்தார். இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆயினும் 1859இல் அமைந்த இந்தியப் படைச் சுகாதாரக் குழுவுக்காகப் பாளையந்தோறும் வினாத்தாள் அனுப்பி, வந்த விடைகளை வண்டிக்கணக்கில் படித்தார். இங்கிருந்த பிரிட்டிஷ் வீரருள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் மாண்ட நிலை, 1873 அளவில் 18 ஆனது. படையோடு அவர் நிற்கவில்லை. 1876-78இல் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் சூறையாடியபோது, குடியானவர் படும் பாட்டையும் நீர்ப்பாசனத்தின் தேவையையும் இலண்டனில் இருந்தபடியே எழுதி எழுதி ஆட்சியாளரின் காதில் போட்டார்.

ஒன்றில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. செவிலியருக்கு அரசுப் பதிவு வேண்டும் என்று மற்றவர்கள் போராடியபோது அவர் எதிர்த்தார். தேர்வு அறிவை அளக்கும், பண்பை அளக்காது என்பது அவர் வாதம். பிரிட்டனில் அப்பதிவு 1919இல் சட்டமாயிற்று. இங்கே இந்திய செவிலியர் மன்றச் சட்டம் 1947இல் வந்தது. 1946இல் தில்லியிலும் நம் வேலூரிலும் செவிலியப் பட்டப் படிப்பு தோன்றி, 1959இல் தில்லியில் முதுநிலைப் படிப்பும் மலர்ந்தது, அவர் அஞ்சிய அந்த வழியில்தான். பதிவும் பட்டமும் இல்லாத செவிலி, குழுக் கூட்டத்தில் கணக்கை எடுத்து வைத்தால் கேட்பார் யார்? அவருக்குச் செல்வக் குடும்பமும் அமைச்சர் நட்பும் இருந்தன. நமக்கு அவை இல்லை.

1907இல் பிரிட்டனின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு, அவருக்கு, வழங்கப்பட்டது. பெறும்போது பார்வை மங்கியிருந்தது. 1910 ஆகஸ்ட் 13ஆம் நாள், 90ஆம் வயதில், உறக்கத்தில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தனர், உறவினர் ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரின் கிழக்கு வெல்லோ சிற்றூரில், குடும்பக் கல்லறையில் அடங்கினார். அவருக்கென அங்கே பொறித்திருப்பவை பெயரின் முதலெழுத்து இரண்டும், பிறந்த நாளும், இறந்த நாளும்.