காலைக் கொடுத்த பயிற்சியாளர்

சிங்கப்பூர்ப் பந்து விளையாட்டில் ‘அங்கிள் சூ’ என்றால் பழைய ரசிகர்களுக்குத் தனி மரியாதை. அவர்தான் சூ செங் குவீ. 1914-இல் பிறந்தவர். இளமையில் நடுத் தற்காப்பு ஆட்டக்காரர். எதிரியைக் கோல் பக்கம் அண்ட விடாமல் நிற்கிற வேலை.

பிறகு மூன்று நாடுகளுக்குப் பயிற்சியாளர் ஆனார். 1951-இல் டில்லி ஆசிய விளையாட்டில் இந்தோனேசிய அணி அவர் கையில். இந்தியாவிடம் 0-3 என்று தோற்றது. மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. மலாயாவுக்குப் போனார், 1958-இல் மெர்டேக்கா கிண்ணம் கிடைத்தது.

சிங்கப்பூரிலும் அதே கண்டிப்புதான். பயிற்சிக்கு வந்தால் முதலில் நாட்டுப்பண் பாடணும். ஒழுங்கு தவறினால் சும்மா விடமாட்டார். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் அவருக்குப் பிள்ளைகளே. தேக்காவுக்குப் பக்கத்து ஜாலான் புசார் அரங்கம் அவரை நன்றாக அறியும். 1977-இல் சமது அல்லாபிச்சை தலைமையில் அவருடைய அணி, கோலாலம்பூரில் கூடுதல் நேரம் ஆடிப் பினாங்கை 3-2 என்று வென்றது. 12 ஆண்டுக்குப் பிறகு மலேசியக் கிண்ணம் ஊர் திரும்பியது.

ஆனால் நீரிழிவுக்காரரான அவருக்குக் காலில் பட்ட புண் ஆறவில்லை. காலையே எடுக்க வேண்டியதாயிற்று. 1983-இல் காலமானார்.

பிள்ளைகளே, மேடையில் பரிசு வாங்கும்போது, அதற்காகத் திடலில் நின்று தேய்ந்தவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.