மருத்துவ மேதை ஹாப்கின்

தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த ஊர் காவேரிப்பட்டினம். பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் நோக்கிச் செல்லும் பெருவழி அவ்வூரை ஒட்டிச் செல்கின்றது. பெருவழிகள் ஊருக்குச் செல்வத்தைக் கொணர்வன. ஆயினும் சில காலங்களில் அவை நோயையும் கொணர்ந்ததுண்டு. 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெங்களூரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் தோன்றியது. புகைவண்டி வழியே வடக்கிலிருந்து வந்த அந்நோய் சில திங்களுக்குள் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. பிழைத்தவர் பலர் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊரை நீங்கினர். ஓசூரும் கிருஷ்ணகிரியும் காவேரிப்பட்டினமும் அடங்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்திலும் அந்நோய் எல்லை கடந்து புகுந்தது. அக்கொடிய பகையை எதிர்க்க மக்களுக்குப் புதிதாக ஒரு கேடயம் கிடைத்திருந்தது. அதுவே பிளேக் தடுப்பூசி. அதனைக் கண்டறிந்து உதவிய பெருமகனார் வால்டெமார் ஹாப்கின் ஆவார்.

ஹாப்கின் 1860-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் ஒடெஸ்ஸா நகரில் பிறந்தார். கருங்கடற் கரையிலுள்ள அந்நகரம் அக்காலத்தில் ருஷ்யப் பேரரசின்கீழ் இருந்தது. இக்காலத்தில் உக்ரைன் நாட்டில் உள்ளது. அவர் யூத குலத்தவர். பல்கலைக்கழகத்தில் மெச்னிகாப் என்னும் பேரறிஞரிடம் உயிரியல் பயின்று தேர்ந்தார். தம் சமயத்தைக் கைவிட்டிருந்தால் அவருக்குப் பேராசிரியர் பதவி கிட்டியிருக்கும். அதற்கு அவர் இசையவில்லை. தாய்நாட்டை விட்டு நீங்கி, முதலில் ஜினீவா நகரிலும் பின்னர்ப் பாரிசு நகரிலும் வாழ்ந்தார். பாரிசில் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குக் கிடைத்தது துணை நூலகர் வேலையே. அதனைச் சிறுமையாக எண்ணாமல் ஏற்றுக்கொண்டு, ஓய்வு நேரங்களில் நுண்ணுயிர் ஆராய்ச்சியில் ஈடுபட்டார்.

அக்காலத்தில் காலரா என்னும் வாந்திபேதி உலகை அச்சுறுத்தி வந்தது. காலராவும் பிளேக்கும் கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியாக்களால் விளைபவை. அக்கிருமிகளைப் பக்குவப்படுத்திச் சிறிதளவு உடலில் செலுத்தினால், உடல் அவற்றை எதிர்க்கும் ஆற்றலைப் பெறும். பின்னர் உண்மையான நோய் வந்து தாக்கும்போது அவ்வாற்றல் காத்து நிற்கும். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு ஹாப்கின் காலராத் தடுப்பு மருந்தை உருவாக்கினார். ஆனால், அதனை முதலில் யாருக்குச் செலுத்திப் பார்ப்பது? பிறர் உயிரைப் பணயம் வைக்க அவர் விரும்பவில்லை. 1892-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18-ஆம் நாள் அம்மருந்தைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் கண்டது, பின் தணிந்தது.

அடுத்த ஆண்டில் அவர் இந்தியா வந்தார். கல்கத்தாவின் சேரிகளிலும் வட இந்திய நகரங்களிலும் ஊர் ஊராகச் சென்று ஊசி போட்டார். அயல் நாட்டவர் ஒருவர் ஏதோ ஒரு நீரை உடலில் ஏற்றுகிறார் என்றால் மக்கள் அஞ்சுவது இயல்பன்றோ? அவ்வச்சத்தைப் போக்க அவர் மக்கள் முன்னிலையில் தமக்கே ஊசி போட்டுக் காட்டினார். இரண்டரை ஆண்டுகளுக்குள் 40,000 பேருக்கு மேல் அம்மருந்தைப் பெற்றனர். ஓயாத உழைப்பினாலும் மலேரியாக் காய்ச்சலாலும் நலிந்த அவர் 1895-இல் ஐரோப்பாவுக்குச் சென்று, மறு ஆண்டே திரும்பி வந்தார்.

1896-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பம்பாய் நகரைப் பிளேக் நோய் பற்றியது. எலிகள் செத்து விழுந்தால் அது நோயின் முன்னறிவிப்பு. அவற்றின் உடலிலிருந்த தெள்ளுப் பூச்சிகள் மனிதரைக் கடிக்க, கடும் காய்ச்சல் உண்டாகும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டும். சில நாட்களில் உயிர் பிரியும். அக்டோபர்த் திங்களில் ஹாப்கின் பம்பாய்க்கு விரைந்தார். கிராண்டு மருத்துவக் கல்லூரியில் அவருக்கு ஓர் அறையும் தாழ்வாரமும் அளிக்கப்பட்டன. ஓர் எழுத்தரும் பயிற்சியில்லாத மூன்று ஏவலரும் துணை நின்றனர். இறைச்சிச் சாற்றின் மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டு அதில் அவர் கிருமிகளை வளர்த்தார். ஆலமரத்தின் விழுதுகள்போல அவை நெய்த் துளிகளிலிருந்து கீழ்நோக்கி வளர்ந்து தொங்கின. பின் அச்சாற்றைச் சூடேற்றிக் கிருமிகளைக் கொன்று தடுப்பு மருந்தாக்கினார். 1897-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10-ஆம் நாள், இம்மருந்தையும் முதன்முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். அத்திங்களிலேயே நோய் நுழைந்த பைக்குல்லாச் சிறையில் மனமுவந்து முன்வந்த கைதிகளுக்கு ஊசி போடப்பட்டது. போட்டுக்கொண்டவர்களைவிடப் போட்டுக்கொள்ளாதவர்களையே நோய் மிகுதியாகத் தாக்கியது. மருந்து நோயை முற்றும் தடுக்கவில்லை. ஆயினும் அதன் கொடுமையைப் பெரிதும் குறைத்தது. 1899-இல் பம்பாய்ப் பரேல் பகுதியிலிருந்த பழைய கவர்னர் மாளிகை அவருடைய ஆராய்ச்சிக்கூடமாயிற்று. அங்கிருந்து மருந்துப் புட்டிகள் நாடெங்கும் சென்றன.

புகழின் உச்சியில் நின்ற அவரை ஒரு பெருந்துன்பம் காத்திருந்தது. 1902-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30-ஆம் நாள் பஞ்சாபிலுள்ள முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் சில நாட்களில் இசிவு நோய் கண்டு இறந்தனர். நாடு திடுக்கிட்டது. அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்தது. மருந்து பம்பாயில் உருவாக்கப்பட்டபோதே கெட்டிருக்க வேண்டும் என்று அக்குழு கருதியது. ஹாப்கின் தம் பதவியை இழந்தார்; 1904-இல் இந்தியாவை விட்டும் சென்றார்.

உண்மை வேறாக இருந்தது. புட்டியைத் திறந்த ஏவலனின் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதனை நன்கு தூய்மை செய்யாமலே அவன் பயன்படுத்தினான். இசிவு நோயின் கிருமிகள் மண்ணில் வாழ்பவை அல்லவா? அவை பல நாட்களாகப் புட்டிக்குள் வளர்ந்திருந்தால் திறந்தவுடன் தீய நாற்றம் வீசியிருக்க வேண்டும், அவ்வாறு வீசவில்லை. இவற்றை எடுத்துக் காட்டி ஹாப்கின் ஆண்டுக்கணக்காகப் போராடினார். மலேரியா பரவும் வகையைக் கண்டறிந்த ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் 1907-இல் இலண்டன் நாளிதழில் அவருக்காக வாதாடினர். அவ்வாண்டின் இறுதியில் அவர் குற்றமற்றவர் என்பது ஏற்கப்பட்டது. தம்மை வெளியேற்றிய நாட்டிற்கே மீண்டும் வந்து கல்கத்தாவில் பணியாற்றினார். எனினும் தாம் உருவாக்கிய பம்பாய் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைமை அவருக்கு மீண்டும் கிட்டவில்லை.

சில ஆண்டுகளில் ஓய்வு பெற்று ஐரோப்பாவுக்குத் திரும்பிய அவர், 1930-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26-ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் மறைந்தார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1925-இல், பம்பாய் ஆராய்ச்சிக்கூடத்திற்கு ஹாப்கின் நிறுவனம் என்னும் பெயர் சூட்டப்பட்டது. அதுவரை அங்கிருந்து அனுப்பப்பட்ட பிளேக் மருந்தின் அளவு 2 கோடியே 60 லட்சம் தடவைக்குரியது என்பர். 1964-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

அக்காலத்தில் இந்தியாவில் 1 கோடிக்கு மேற்பட்டோரை விழுங்கியது பிளேக். இன்று காலத்தே கண்டறிந்தால் கிருமிக்கொல்லி மருந்துகளால் அதனைக் குணப்படுத்தலாம். முல்கோவாலில் உயிர்களைப் பறித்த இசிவு நோய்க்கும், மூளையுறையைத் தாக்கும் கொடிய காய்ச்சல்கள் சிலவற்றிற்கும் இன்று தடுப்பூசிகள் உள்ளன. ஒரு முறை பயன்படுத்திய ஊசியை மறுபடி தொடாத இக்காலத்து ஒழுங்கும், தரையில் விழுந்த ஓர் இடுக்கி போன்றவை கற்பித்த பாடமே. மருந்து சிறந்ததாயினும் அதனைக் கையாளும் கை தூயதாக இருத்தல் வேண்டும். பழி சூழ்ந்தபோதும் உண்மையையும் தொண்டையும் கைவிடாதவர் ஹாப்கின். அவர்தம் வாழ்வு நோயற்ற வாழ்வை நாடும் நம் அனைவருக்கும் நல்லதொரு வழிகாட்டியாகும்.