யானைத் துப்பாக்கிக்குத் தன் கையால் மருந்து கெட்டித்த சாமுவேல் பேக்கர்

ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி வலைக்குக் குண்டு போடும் வேலை காசிமேட்டுக்குப் புதிதல்ல. குண்டின் கனம் குறைந்தால் வலை ஒழுங்காக இறங்காது. கனம் கூடினால் இழுக்கிறவன் பாடு திண்டாட்டம். அந்தக் கனக் கணக்கு தெரிந்தவன்தான் தொழில்காரன்.

இதே ஈயம், இதே அச்சு, இதே கனக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் யானையைச் சாய்த்தார். நடந்தது சுமார் 180 ஆண்டுகளுக்கு முன்பு. இடம் இலங்கை. ஆள் பெயர் சாமுவேல் ஒயிட் பேக்கர்.

பின்னாளில் நைல் நதியின் ஏரியைத் தேடிக் கண்டு, சர் பட்டம் வாங்கிய அதே பேக்கர்தான்!

பணக்கார வீட்டுப் பிள்ளை

1821 ஜூன் 8-ந் தேதி லண்டனில் பிறந்தார். அப்பா பெரிய வியாபாரி. மொரீசியஸ் தீவில் கரும்புத் தோட்டம், ஊரில் கப்பல், பணம் என்று எதற்கும் குறைவில்லை. பிள்ளைக்குக் கணக்குப் புத்தகம் பிடிக்கவில்லை. துப்பாக்கிதான் பிடித்தது.

1840-ல், 19 வயது இருக்கும்போது, தானே ஒரு துப்பாக்கிக்குத் திட்டம் போட்டார். பிரிஸ்டல் நகரத்தில் கிப்ஸ் என்ற துப்பாக்கித் தொழில்காரரிடம் அதைச் செய்யக் கொடுத்தார்.

வந்து சேர்ந்தது துப்பாக்கியா, பீரங்கியா என்று சந்தேகம் வரும். எடை 21 பவுண்டு. அதாவது ஒன்பதரை கிலோ! போலீஸ்காரர்கள் நெடுங்காலம் தூக்கித் திரிந்த 303 துப்பாக்கியே சுமார் 4 கிலோதான். பேக்கர் துப்பாக்கியின் குழல் நீளம் மட்டும் 3 அடி. உருண்டைக் குண்டின் எடை 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம். 303 தோட்டாவில் இருக்கிற குண்டு சுமார் 11 கிராம்தான்.

நிபுணர்கள் பேச்சு பொய்த்தது

அந்தக் காலத்து நிபுணர்கள் ஒரு கொள்கை வைத்திருந்தார்கள். குழலுக்குள் சுருள் பள்ளம் வெட்டிய ரைபிளுக்கு மருந்து கொஞ்சமாகத்தான் போட வேண்டும். கூடுதலாகப் போட்டால் குண்டு பள்ளத்தில் நிற்காமல் உரிந்துகொண்டு ஓடிவிடும், குறி தப்பும் என்றார்கள்.

அப்போது பிரிட்டிஷ் ராணுவத்தில் பிரன்ஸ்விக் என்ற ரைபிள் இருந்தது. அதற்கு மருந்து சுமார் நாலரை கிராம். குண்டின் எடையில் எட்டில் ஒரு பங்கு.

பேக்கர் போட்டது 16 டிராம். நம் கணக்கில் 28 கிராம். குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு!

குண்டு ஏன் உரியவில்லை? குழலுக்குள் இரண்டே இரண்டு பள்ளம், ஆனால் ஆழமான பள்ளம். குண்டை வார்க்கும்போதே அதன் இடுப்பில் பெல்ட் மாதிரி ஒரு வரம்பு வைத்து வார்த்தார்கள். வரம்பு பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு மருந்து வெடித்தாலும் குண்டு பிடியை விடவில்லை.

இன்றைக்கும் அமெரிக்கா மாதிரி நாடுகளில், கடையில் கிடைக்காத தோட்டாவைத் தாங்களே வகுத்து, தாங்களே மருந்து அளந்து செய்துகொள்கிற வேட்டைக்காரர்கள் உண்டு. அந்தத் தோட்டாவுக்கு அவர்கள் வைத்த பெயர் வைல்டுகேட், அதாவது காட்டுப்பூனை. பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த வேலையைச் செய்தவர் பேக்கர். நம் ஊரில் யாரும் முயற்சி பண்ண வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

ஒரு குண்டுக்கு ஒரு கெட்டிப்பு

பேக்கர் காலத்துத் துப்பாக்கிக்குத் தோட்டாவை மாட்டிச் சுடுவது கிடையாது. ஒவ்வொரு வேட்டுக்கும் கெட்டிக்க வேண்டும். மருந்தை அளந்து குழல் வாயில் கொட்டணும். எண்ணெய் தடவிய துணியோடு குண்டை வைத்து, கம்பியால் அடி வரை தள்ளணும். பின்னால் கேப் வைக்கணும். அப்புறம்தான் விசையை இழுக்கலாம்.

எதிரே யானை வந்துகொண்டிருந்தால் இதற்கெல்லாம் நேரம் ஏது? அதனால் கெட்டித்த துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளூர் ஆட்கள் பின்னாலேயே வருவார்கள். யானை திரும்பி ஓடி வந்தால் சில சமயம் ஆட்களும் ஓட்டம், துப்பாக்கியும் ஓட்டம்! அப்போது கையில் இருக்கிற ஒரு வேட்டு பொய்க்காமல் இருந்தால்தான் உயிர். பேக்கர் மருந்து விஷயத்தில் அத்தனை கறாராக இருந்ததற்கு இதுதான் காரணம்.

நுவரெலியாவில் குடியேற்றம்

1840-களின் நடுவில் வேட்டைக்காக இலங்கைக்கு வந்தவருக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு தேற நுவரெலியா மலைக்குப் போனார். குளிர்ந்த காற்று ஒத்துக்கொண்டது. இங்கேயே ஓர் இங்கிலீஷ் கிராமம் அமைப்பது என்று முடிவு கட்டினார்.

1848-ல் மனைவி, தம்பி குடும்பம், கொல்லர், பண்ணை ஆள், மாடு, வேட்டை நாய் சகிதம் கப்பல் ஏறினார். ஆரம்பமே தடுமாற்றம். குதிரைக்காரன் ஒருவன் மலைப்பாதையில் வண்டியைப் பள்ளத்தில் கவிழ்த்தான். வண்டியை மீட்க அனுப்பிய பழக்கின யானையையும் அவனே விரட்டி விரட்டி ஓட்ட, அது செத்தே போனது. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. மிச்சத்தைக் காட்டு யானை மிதித்தது. இருந்தும் பேக்கர் ஏழு வருஷம் தாக்குப்பிடித்தார். அங்கே ஹார்டன் சமவெளியில் உள்ள ஒரு நீர்வீழ்ச்சிக்கு இன்றும் பேக்கர் அருவி என்றுதான் பெயர்.

தலைக்கு இவ்வளவு என்று விலை

அப்போது காப்பித் தோட்டம் போட காடு அழிந்துகொண்டிருந்தது. நம் தமிழ்நாட்டு ஏழைகள் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்து போன காலமும் அதுதான். பயிரை மிதிக்கிறது என்று சொல்லி, யானைத் தலைக்குச் சில ஷில்லிங் பரிசு அறிவித்தது வெள்ளைக்கார அரசு.

1848-க்கு முந்தைய மூன்று வருஷத்துக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசு கொடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. தெற்கே 1851-லிருந்து 1856 வரை 2,000. ராஜர்ஸ் என்ற மேஜர் ஒருவரே 1,300-க்கு மேல் சுட்டவர். அவர் 1845-ல் ஆப்புத்தளையில் இடி விழுந்து செத்தார்.

இலங்கையில் பெரும்பாலான ஆண் யானைகளுக்குக் கூடத் தந்தம் கிடையாது. எனவே இந்தக் கொலை தந்தத்துக்காக நடந்ததல்ல. பாதி பரிசுக்கு, பாதி பொழுதுபோக்குக்கு!

பேக்கரும் இந்தக் கூட்டத்தில் ஒருவர். ஒரே பயணத்தில் டஜன் கணக்கில் யானைகளைச் சாய்த்தார். அதைப் புத்தகமாகவும் எழுதினார். லண்டனில் விரும்பிப் படித்தார்கள்.

அடிமைச் சந்தையில் கிடைத்த துணை

1855-ல் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். அந்த வருஷக் கடைசியில் மனைவி ஹென்ரியட்டா பிரான்சில் காய்ச்சலில் இறந்தார். நாலு பெண் குழந்தைகளைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு பேக்கர் ஊர் ஊராகத் திரிந்தார்.

1859-ல் டான்யூப் நதிக்கரை விதின் நகரத்தில், துருக்கி ஆட்சியில் இருந்த அடிமைச் சந்தையில் ஓர் இளம்பெண்ணைப் பார்த்தார். ஹங்கேரிப் பக்கத்துப் பெண். அங்கிருந்து அவரை மீட்டுக் கொண்டு போனார். அவர்தான் புளோரன்ஸ். 1861-ல் இருவரும் நைல் நதி வழியே ஆப்பிரிக்காவுக்குள் புறப்பட்டார்கள். காய்ச்சல், பட்டினி எல்லாம் தாண்டி 1864 மார்ச் 14-ந் தேதி ஒரு பெரிய ஏரியைக் கண்டார்கள். விக்டோரியா ராணியின் கணவர் பெயரால் அதற்கு ஆல்பர்ட் ஏரி என்று பெயர் வைத்தார்.

நெற்றியில் சுட்டும் விழவில்லை

ஆப்பிரிக்காவில் ஒரு சிக்கல். இலங்கை யானையை நேராக நெற்றியில் சுட்டால் சாயும். ஆப்பிரிக்க யானைக்கு மண்டை அமைப்பே வேறு. நெற்றிக் குண்டு பலிக்கவில்லை. பேக்கர் விடுவாரா? ஹாலந்து கம்பெனி செய்த இன்னொரு துப்பாக்கியை வைத்திருந்தார். அரை பவுண்டு எடையுள்ள வெடிகுண்டைச் சுடும் துப்பாக்கி! செல்லமாகக் குழந்தை என்று பெயர். சுட்டால் பின்னுதையில் அவரே சுழன்றுபோவார். அவ்வளவு பலசாலியே அதைச் சுடப் பயந்தார்.

1866-ல் சர் பட்டம் கிடைத்தது. 1869-ல் எகிப்து அரசர் அவரைத் தெற்கு நைல் பகுதிக்குக் கவர்னராக அனுப்பினார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கச் சொன்னார். நாலு வருஷம் வியாபாரிகளோடு மோதினார். அடிமைகளை விடுவித்தார். ஊர்க்காரர்களோடும் சண்டை வந்தது, ரத்தமும் சிந்தியது. அவர் திரும்பியதும் வியாபாரம் மறுபடி தலைதூக்கியது.

1893 டிசம்பர் 30-ந் தேதி இங்கிலாந்தில் தன் வீட்டில் காலமானார். வயது 72.

அளவு எங்கே நின்றது?

மனிதனைச் சங்கிலியில் கட்டுவது பாவம் என்று பேக்கருக்குப் புரிந்தது. யானை விஷயத்தில் அது எட்டவில்லை. மருந்தைத் துல்லியமாக அளந்தவர், எத்தனை சுட்டால் போதும் என்று அளக்கவே இல்லை. அந்தக் காலத்தில் அவரைக் கேட்கச் சட்டமும் இல்லை.

இன்று சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 1972-ல் வன உயிர்ச் சட்டம் வந்தது. 1977-ல் யானை அதன் முதல் பட்டியலில் ஏறியது. இலங்கையில் 2011-ல் எடுத்த கணக்குப்படி யானைகள் 5,879.

பெரிய துப்பாக்கி போய்விட்டது. கையால் கெட்டிக்கிற மருந்து மட்டும் போகவில்லை. இலங்கையில் தீனிக்குள் வெடி வைக்கிறார்கள். அதற்கு ஹக்கபட்டாஸ் என்று பெயர். நம் பக்கம் அவுட்டுக்காய். 2020 மே மாதம் கேரளாவில் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த தீனியைக் கடித்த கர்ப்பிணி யானை, வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தது.

பேக்கர் நேருக்கு நேர் நின்று, தன் உயிரையும் பணயம் வைத்தார். அவுட்டுக்காய் வைக்கிறவன் பக்கத்தில்கூட இருப்பதில்லை. யானைக்கு இரண்டும் ஒன்றுதான்.